பெட்ராவும் வாடி ரம்மும்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஜோர்டானின் தெற்கே இரண்டு இடங்கள். ஒன்று பெட்ரா, நபாத்தியர்கள் என்ற பண்டைய அரபு மக்கள் மலையைக் குடைந்தே செய்த பழைய தலைநகரம். இன்னொன்று வாடி ரம், செம்மணலும் செங்குத்துப் பாறை மலைகளுமாக விரிந்து கிடக்கும் பாலைவனம். நடுவே சுமார் 110 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். சுற்றுலா நடத்துபவர்கள் இரண்டையும் ஒரே கட்டாகத்தான் விற்பார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை சொதப்பல். இரண்டாம் முறைதான் உண்மையில் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கப்புறம் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விலைகள் ஜோர்டான் தினாரில் உள்ளன. ஒரு தினார் ஏறத்தாழ 1.41 அமெரிக்க டாலர்.

பெட்ரா என்றால் எல்லாப் படங்களிலும் வரும் அந்த ஒரு கட்டடம்தானே? ஒரு நாள் போதாதா?

அந்தக் கட்டடத்தின் பெயர் அல்-கஸ்னா. அது வாசல்படி மட்டும்தான், ஊர் அதற்கு அப்பால் இருக்கிறது. பாறையில் குடைந்த அரங்கம், அரசக் கல்லறைகள், தூண் வரிசைத் தெரு, பெரிய கோயில், மொசைக் தரை போட்ட பைசாந்தியத் தேவாலயம், மலை உச்சிப் பலிபீடம், எல்லாவற்றுக்கும் மேலே அத்-தெய்ர் என்ற பெரிய குடைவுக் கட்டடம் என்று நீண்டுகொண்டே போகும். சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஏற்றிவந்த ஒட்டகக் கூட்டங்களால் செழித்த ஊர். கி.பி. 106-இல் ரோமர்கள் கைக்குப் போனது, 363-இல் பெரிய நிலநடுக்கத்தில் சிதைந்தது. மெல்ல மெல்ல வெளியுலகம் மறந்தே போனது. 1812-இல் பர்க்ஹார்ட் என்ற சுவிஸ் பயணி முஸ்லிம் வேடம் போட்டுக்கொண்டு, ஹாரூன் நபியின் சமாதியில் ஆடு பலி கொடுக்க நேர்ந்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே நுழைந்து பார்த்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு இந்த இடம் தெரியவந்தது. ஐரோப்பாவுக்குத்தான். பாலைவன அரபுக் குடியினரான பெதுவீன்கள் அங்கேயே குடியிருந்தார்கள்.

என் முதல் பயணம் ஒருநாள் பேருந்துச் சுற்றுலா. பத்தரைக்கு இறக்கிவிட்டார்கள், இரண்டு மணிக்கு மதிய பஃபே. நடுவில் இருந்த மூன்றரை மணி நேரத்தில் போக வர நடையே பாதி. கஸ்னாவின் முன் நின்று படம் எடுத்தோம், அரங்கத்தை எட்டிப் பார்த்தோம், திரும்பிவிட்டோம். ஆகவே எந்தச் சுற்றுலாவை எடுத்தாலும் நடத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கஸ்னாவைத் தாண்டி எத்தனை மணி நேரம் கிடைக்கும்?" இழுத்துப் பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு நாள் வைத்துக்கொண்டால் நிம்மதி.

கஸ்னா என்ற பெயருக்கு என்ன பொருள்? உள்ளே போகலாமா?

நாம் தமிழில் சொல்கிற கஜானாவும் இதுவும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவைதான். மேல் மாடத்தின் உச்சியில் ஒரு கல் கலசம் இருக்கிறது. அதற்குள் புதையல் இருப்பதாக நம்பி ஆட்கள் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். குண்டுபட்ட குழிகள் இன்றும் தெரியும். கலசமோ உள்ளே துளிக்கூட வெற்றிடம் இல்லாத முழுப் பாறை.

உண்மையில் இது ஒரு கல்லறை. நான்காம் அரேத்தஸ் மன்னன் காலத்தை, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பது பெரும்பாலோர் கருத்து. 2024-இல் இதன் தரைக்கு அடியில் 12 எலும்புக்கூடுகளோடு ஒரு கல்லறையைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் வெறும் சதுர அறைதான் தெரியும், ஏமாற வேண்டாம்.

வழிகாட்டி அவசியமா? கையில் போன் இருக்கிறதே!

முதல் இரண்டு கிலோமீட்டருக்கு அவசியம். அதற்கப்புறம் அவசியமில்லை. இது என் கட்சி, மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

காரணம் சொல்கிறேன். பார்வையாளர் மையத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் திறந்த வெளியில் நடந்ததும் சிக் என்ற இடுக்குப் பாதை தொடங்கும். 1.2 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் மூன்று மீட்டர்தான் அகலம், இரு பக்கமும் எண்பது மீட்டர் வரை சுவர் மாதிரி பாறை. முதல் முறை போகும்போது எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன். பார்க்க வேண்டியது இடுப்பு உயரத்தில் இருந்தது.

பாறையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் சுடுமண் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பதித்திருக்கிறார்கள், சுண்ணச் சாந்து பூசிய இடம்கூடத் தெரியும். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இடத்தில் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த நகரம் என்று கணிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் இப்படித்தான் வந்தது, வெளியே உள்ள ஊற்றுகளிலிருந்து. சிக் தொடங்கும் இடத்திலேயே ஓர் அணையும், வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட மலையைக் குடைந்த ஒரு சுரங்கமும் உண்டு. எண்பது மீட்டருக்கு மேல் நீளம். இரண்டாம் முறை என்னோடு வந்த வழிகாட்டி, நடுத்தர வயது மனிதர், அங்கே ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டார். "இதைப் பார்க்காமல் உள்ளே போனால் பெட்ராவில் பாதி புரியாது" என்றார். கூட்டம் கூட்டமாக ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இன்னொன்று. சிக்கின் நடுவே ஓரிடத்தில் அவர் நின்று, சுவரைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். தேய்ந்த பாறைதான் தெரிந்தது. விரலால் காற்றில் வரைந்து காட்டினார். ஒரு மனிதனின் இரண்டு பாதம், அதற்கு மேல் ஆடையின் மடிப்பு, பின்னாலேயே ஒட்டகத்தின் கால்கள். மேல் பாதி வெள்ளத்திலும் காற்றிலும் கரைந்து போய்விட்டது. ஆள் உயரத்துக்குச் செதுக்கிய ஒட்டகக் கூட்டம் அது. நாம் போகிற அதே பாதையில் நடந்து வருவது மாதிரி வைத்திருக்கிறார்கள். காட்டிய பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. போன் இதைச் செய்யாது.

நல்ல வழிகாட்டியை எப்படிப் பிடிப்பது?

பார்வையாளர் மையத்திலேயே உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருப்பார்கள், கழுத்தில் அட்டை தொங்கும். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று கிடையாது, குழுவுக்குத்தான். அதனால் முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து எடுத்தாலும் கட்டுப்படியாகும். வழக்கமான சுற்று சிக், கஸ்னா, அரங்கம், தூண் தெரு வரை, இரண்டரை மணி நேரம் போல ஆகும். அத்-தெய்ருக்கோ பலிபீடத்துக்கோ கூட்டிப்போகத் தனிக் கட்டணம். எது வரை, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், மூன்றையும் நடக்கத் தொடங்கும் முன் பேசிவிடுங்கள்.

உள்ளே வழியில் "நான் கூட்டிப்போகிறேன், ரகசிய இடம் ஒன்று தெரியும்" என்று வருகிறவர்கள் வேறு வகை. பேச்சுத்துணைக்கு நல்லவர்கள்தான். ஆனால் அந்த ரகசிய இடத்தைப் பற்றிக் கீழே பார்வையிடங்கள் பகுதியில் சொல்கிறேன்.

டிக்கெட் எவ்வளவு? ஜோர்டான் பாஸ் லாபமா?

ஜோர்டானில் ஓர் இரவாவது தங்குபவர்களுக்கு ஒரு நாள் 50 தினார், இரண்டு நாள் 55, மூன்று நாள் 60. அதே நாளில் எல்லை தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு 90. கணக்கைப் பாருங்கள்: இரண்டாம் நாளுக்கு ஐந்தே தினார்தான் கூடுதல். அவர்களே நம்மைத் தங்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை.

பாஸ் என்பது விசாக் கட்டணத்தையும் நுழைவுச் சீட்டுகளையும் சேர்த்த ஏற்பாடு. பெட்ரா ஒரு நாளுக்கு 70, இரண்டு நாளுக்கு 75, மூன்று நாளுக்கு 80 தினார். விசாவுக்குத் தனியாகக் கட்டினால் 40 போகும், ஆகவே லாபம்தான். ஆனால் இரண்டு நிபந்தனை: நாட்டுக்குள் நுழையும் முன்பே இணையத்தில் வாங்கியிருக்க வேண்டும், குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும். வாடி ரம் நுழைவுக் கட்டணமான 5 தினாரும் அதில் அடக்கம்.

டிக்கெட்டோடு ஒரு குதிரைச் சவாரியும் இலவசம் என்று சொல்வார்கள். மையத்திலிருந்து சிக்கின் வாய் வரைக்கும்தான். சவாரி இலவசம், டிப்ஸ் இலவசம் இல்லை.

எத்தனை மணிக்குப் போவது?

காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். ஆறரைக்குள் சிக்கில் இருங்கள். அந்த நேரத்தில் உங்கள் செருப்புச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும். எட்டரைக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிட்டால் அப்புறம் திருவிழாதான்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கஸ்னா மீது நேர் வெயில் படுவது ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை. அரசக் கல்லறைகளும் அத்-தெய்ரும் மேற்குப் பார்த்தவை, மாலையில்தான் நிறம் எடுக்கும். காலையில் கீழ்ப்பகுதி, பிற்பகலில் அத்-தெய்ர், இறங்கும்போது அரசக் கல்லறைகள் என்று போனால் வெயிலே கூட வரும். குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் சாய்கிறது, அதற்கேற்ப மூடும் நேரமும் முன்னால் வரும்.

மேலிருந்து பார்க்கும் இடங்களில் எது சிறந்தது?

மூன்று சொல்லலாம். மூன்றும் மூன்று விதம்.

அல்-குப்தா: கஸ்னாவை மேலிருந்து பார்க்கும் படங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முறையான வழி இதுதான். அரசக் கல்லறைகளைத் தாண்டிப் போனால் படிக்கட்டு தொடங்கும். நபாத்தியர்கள் வெட்டிய படிகள், பல இடங்களில் செப்பனிட்டிருக்கிறார்கள். பாதி வழியில் அரங்கம் முழுவதும் கீழே விரிந்து தெரியும். நின்று பாருங்கள். அதன் கடைசி வரிசைக்கு மேலே சுவரில் ஓட்டை ஓட்டையாகத் தெரிவது பழைய கல்லறைகள். அரங்கத்தை வெட்டுவதற்காக அவற்றைப் பாதியில் அறுத்திருக்கிறார்கள். உச்சியில் நடந்து போனால் விளிம்பில் ஒரு தேநீர்க் கூடாரம், அதற்குள்ளிருந்து குனிந்தால் நேர் கீழே கஸ்னா. ஒரு தேநீர் வாங்கிக்கொள்வது மரியாதை. ஏற ஒரு மணி நேரம் வையுங்கள்.

கஸ்னாவுக்கு எதிரிலேயே, பத்து நிமிடத்தில் மேலே கூட்டிப்போகிறேன் என்று இளைஞர்கள் கூப்பிடுவார்கள். மேலே சொன்ன ரகசிய இடம் இதுதான். செங்குத்து, பிடிமானம் இல்லை, பாறை மேல் மணல் உருளும். பணமும் கேட்பார்கள். அதே காட்சிக்கு நல்ல படிக்கட்டு இருக்கும்போது எதற்கு வம்பு?

பலிபீட மலை: அரங்கத்துக்கு முன்னால் இடது பக்கம் பிரியும் படிகள். மேலே ஆறு மீட்டர் உயரத்தில் இரண்டு கல் தூண்கள் தனித்தனியாக நிற்கும். கொண்டுவந்து நட்டவை அல்ல. சுற்றியிருந்த மலை உச்சியையே வெட்டி அகற்றிவிட்டு அந்த இரண்டை மட்டும் விட்டிருக்கிறார்கள். இது உறைக்கச் சிறிது நேரம் பிடிக்கும். காலடியில் உள்ள தளம் ஒரு காலத்தில் அந்தத் தூண்களின் உச்சி உயரத்துக்கு இருந்த பாறை. அதற்கு அப்பால் பலிபீடமும், இரத்தம் வழிவதற்கு வெட்டியதாகச் சொல்லும் சிறு வடிகாலும் உள்ளன. வந்த வழியே இறங்காமல் பின்பக்கம் வாடி ஃபராசா வழியாக இறங்குங்கள். பாறையில் செதுக்கிய பெரிய சிங்கம் ஒன்று வரும், தலை சிதைந்துவிட்டது. அதன் வாயிலிருந்துதான் தண்ணீர் கொட்டியதாம். அந்தப் பாதையில் நான் எதிரே பார்த்தது மொத்தம் ஏழு பேர். என்னைக் கேட்டால் பெட்ராவிலேயே இதுதான் முதலிடம்.

அத்-தெய்ர்: 800-க்கு மேல் படிகள். மேலே நிற்பது கஸ்னாவைவிடப் பெரியது, ஏறத்தாழ 45 மீட்டர் உயரம். வாசலே எட்டு மீட்டர் என்பதால் அதன் கீழே ஆள் நின்றால் பொம்மை மாதிரி இருப்பார். உள்ளே சுவரில் சிலுவைகள் கீறியிருந்ததால் "மடம்" என்று பெயர் வந்தது. எதிரே நாற்காலி போட்ட தேநீர்க் கடை உண்டு, களைப்பு தீர உட்காருங்கள். அப்புறம் "உலகத்திலேயே சிறந்த காட்சி" என்று பலகை வைத்திருக்கும் இடங்களுக்கு நடந்து போங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கடையில் அதே பலகை இருக்கிறது, எல்லாரும் ஒரே உலகத்தைத்தான் சொல்கிறார்கள் போலும். விளிம்பிலிருந்து வாடி அரபா பள்ளத்தாக்கு வரை மலை மடிப்புகள் இறங்கிப் போவது தெரியும்.

எந்த இடத்திலும் கம்பி வேலி கிடையாது. படம் எடுக்கப் பின்னால் காலெடுத்து வைக்காதீர்கள். இந்த உச்சிகளுக்கு வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மேலே போனால் நமக்கு உட்காரத்தான் தோன்றும்.

மாமல்லபுரம் மாதிரிதானா, மேலிருந்து கீழே செதுக்கியதா?

ஆமாம். ஒற்றைக்கல் ரதங்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பெட்ராவில் பாதியில் விட்ட ஒரு கல்லறை இருக்கிறது. மேலே தூண்களின் தலைப்பகுதி செதுக்கி முடித்திருக்கும், கீழே வெறும் பாறை. கல் மட்டும் வேறு. மாமல்லபுரத்துக் கருங்கல் உளிக்கு எளிதில் இடம்கொடுக்காது. இது மணற்கல், இரும்பும் மாங்கனீசும் கலந்து சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று பட்டுச் சேலை மாதிரி வரிவரியாக ஓடும். கையால் தடவினால் விரலில் பொடி ஒட்டும். அதனால்தான் தொடாதே என்கிறார்கள். ஒருவர் தடவினால் ஒன்றும் ஆகாது, ஆனால் நாளெல்லாம் வருகிற அத்தனை பேரும் தடவினால்?

முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. பார்வையாளர் மையத்திலிருந்து கஸ்னா வரை மின்சார வண்டி ஓடுகிறது. கட்டணம் தனி, திரும்பும் நேரத்தில் வரிசை நீளும். கஸ்னாவிலிருந்து அரங்கம், தூண் தெரு, கஸ்ர் அல்-பின்த் கோயில் வரை பெரும்பாலும் சமதரைதான், ஆனால் மணலும் பழைய கல் பாவிய தரையும் காலை இழுக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உள்ளே போவது இறக்கம், திரும்புவது ஏற்றம். போகும்போது "இவ்வளவுதானா" என்றிருக்கும். களைத்த காலோடு மதிய வெயிலில் அதே தூரம் இரண்டு மடங்காகத் தெரியும். பிரதான பாதை மட்டும் போய்வர 8 கிலோமீட்டர்.

படியேறக் கழுதை கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது. நான் ஏறவில்லை, யாரையும் ஏறச் சொல்லவும் மாட்டேன். வழுக்கும் படியில் ஓரமாக நடப்பதுதான் கழுதையின் பழக்கம், அந்த ஓரத்துக்கு அப்பால் பள்ளம். குளம்பு பட்டுப் படிகளும் தேய்கின்றன. வெயிலில் நாள் முழுக்க ஏறி இறங்கும் பிராணிகளின் நிலையும் பல சமயம் பார்க்கச் சகிக்காது. மேலே வர முடியவில்லை என்றால் கீழேயே பார்க்க இரண்டு நாளுக்குப் போதுமானது இருக்கிறது.

அதே சமயம், கழுதைக்காரர்கள் மேல் எரிந்து விழாதீர்கள். பெட்ரா உலகப் பாரம்பரியச் சின்னமான 1985-ஆம் ஆண்டையொட்டித்தான் அங்கே குகைகளில் வாழ்ந்த ப்தூல் பெதுவீன்களை உம் ஸைஹூன் என்ற புது ஊருக்கு மாற்றினார்கள். தேநீர்க் கடையும் கழுதையும்தான் அவர்களில் பலருக்கு வருமானம். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சிரித்துக்கொண்டே சொன்னால் விட்டுவிடுவார்கள்.

பாலைவனம்தானே, மழைக்கு ஏன் பயம்?

மேலே எங்கோ பெய்யும் மழை மொத்தமும் இந்த இடுக்குக்குள் வந்து சேர்வதால்தான். 1963-இல் சிக்குக்குள் வெள்ளம் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். நபாத்தியர்களின் பழைய அணை சிதைந்து கிடந்த காலம் அது. பிறகுதான் அதே இடத்தில் புது அணை கட்டினார்கள். 2018 நவம்பரிலும் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்ற வேண்டியதானது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வானிலை அறிவிப்பைப் பாருங்கள். மூடிவிட்டோம் என்றால் வாதாடாமல் அறைக்குத் திரும்புங்கள். மற்றபடி மார்ச் முதல் மே, செப்டம்பர் முதல் நவம்பர் வரை போக இதமான மாதங்கள்.

இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெட்ரா பார்க்கலாமாமே?

கஸ்னா வரை மட்டும், தனி டிக்கெட். சிக்குக்குள் வரிசையாக விளக்கு வைத்திருப்பது அழகு. முன்னால் போகிறவரின் போன் வெளிச்சம் அதைக் கெடுக்கும். பணம் யோசிப்பவர்கள் விட்டுவிடலாம்.

சின்ன பெட்ரா என்கிறார்களே?

சிக் அல்-பாரித். காரில் கால் மணி நேரம், நுழைவு இலவசம், ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஓர் அறையின் கூரையில் திராட்சைக் கொடியும் பறவைகளுமாக நபாத்திய ஓவியம் மிஞ்சியிருக்கிறது. இங்கிருந்து மலை வழியாக அத்-தெய்ரின் பின்பக்கம் போய்ச் சேரும் நடைபாதை உண்டு. படியேறாமல் அத்-தெய்ரைப் பார்க்கும் வழி. இதற்குக் கட்டாயம் வழிகாட்டி வேண்டும், பாதை குழப்பும். பெட்ரா டிக்கெட்டை முன்பே மையத்தில் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

வாடி ரம்மில் ஜீப் சுற்றுலா எப்படி இருக்கும்?

ஜீப் என்பது பேச்சுக்கு. பழைய பிக்கப் வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்ச், மேலே துணிப்பந்தல். இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம், முழு நாள் என்று தருவார்கள். இரண்டு மணி நேரத்தில் பக்கத்தில் உள்ளவற்றைத்தான் காட்டுவார்கள். எல்லா வண்டியும் அங்கேதான் நிற்கும். முழு நாள் எடுத்தால் வண்டிச் சத்தம் கேட்காத இடத்தில் மதியம் நிழல் பார்த்து நிறுத்தி, நாலு குச்சியைக் கூட்டித் தீ மூட்டி, ஓட்டுநர் தேநீர் போடுவார். சர்க்கரை தூக்கலாக இருக்கும். குடித்துவிடுங்கள், அந்த வெயிலுக்கு அதுதான் சரி.

தவறவிடக் கூடாதது கஸலி இடுக்கு. குறுகிய பாறைப் பிளவு, உள்ளே குளிர்ந்திருக்கும். சுவரில் தமூதிய எழுத்துகளும் (பழைய அரேபிய எழுத்து வகை), மனிதர்களும், ஜோடிப் பாதங்களும் கீறியிருக்கின்றன. வாடி ரம் முழுக்க 25,000 பாறைச் சித்திரங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. 2011-இல் இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார்கள்.

உயரம் வேண்டுமென்றால் உம் ஃப்ரூத் பாறைப் பாலத்தில் ஏறலாம், பதினைந்து மீட்டர் அளவு, கொஞ்சம் துணிவு போதும். புர்தா பாலம் வேறு சமாசாரம், மலையேறத் தெரிந்த வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. ஜோர்டானின் மிக உயர்ந்த சிகரமான உம் அத்-தாமி (1,854 மீட்டர்) இங்கேதான், அதற்கு ஒரு தனி நாள் ஒதுக்க வேண்டும். வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து செங்கடல் தெரியும்.

இங்கே வழிகாட்டி வேண்டுமா என்ற கேள்வியே இல்லை. மணலில் வழி கிடையாது, அவர்தான் வழி.

இரவு தங்குவதற்கு முகாம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

"வாடி ரம் முகாம்" என்று இணையத்தில் விற்பவற்றில் பல, பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே தீஸிப் பக்கம் இருக்கின்றன. கண்ணாடிக் குமிழ்க் கூடாரங்களும் அங்கே நிறைய. வசதியாக இருக்கும், ஆனால் பக்கத்து முகாம் விளக்கும் பாட்டும் சேர்ந்தே வரும். நட்சத்திரம்தான் வேண்டுமென்றால் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, அமாவாசையை ஒட்டிய தேதியில் பதிவு செய்யுங்கள்.

குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஜனவரி இரவில் பூஜ்ஜியத்துக்கு அருகே போகும், ஏப்ரலில்கூட ஸ்வெட்டர் வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு?

கவலையே வேண்டாம். ஃபலாஃபல், ஹும்முஸ், கத்திரிக்காயைச் சுட்டு மசிக்கும் முதப்பல், பருப்பும் சோறும் சேர்ந்த முஜத்தரா என்று காலம் தள்ளலாம். மன்ஸஃப் என்றால் ஆட்டிறைச்சி, பார்த்துக்கொள்ளுங்கள். முகாமில் ஸர்ப் போடுவார்கள். மணலில் குழி தோண்டித் தணல் போட்டு, அடுக்குத் தட்டை உள்ளே இறக்கி, மூடி மேலே மணலைக் குவித்து, மணிக்கணக்கில் வேகவிடுவது. கோழியும் ஆடும் ஒரு தட்டிலும் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் இன்னொரு தட்டிலும் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே குழிதான். மேல்தட்டின் கொழுப்பு சொட்டக் கூடாது என்பவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மணலைத் தள்ளி மூடியைத் திறக்கும்போது வரும் புகை வாசனைக்கே பசி இரண்டு மடங்காகும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பழகின ஷூ, புதிது வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, தலையில் சுற்ற ஒரு பருத்தித் துண்டு, தோளும் முழங்காலும் மூடிய ஆடை. சில்லறையாக ஒரு தினார், ஐந்து தினார் நோட்டுகள். ட்ரோனை வீட்டில் வையுங்கள், அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தரையில் கிடக்கும் மண்பாண்டத் துண்டை ஞாபகத்துக்கு எடுக்கலாமா?

கூடாது. நபாத்தியப் பாண்டம் முட்டை ஓடு போல மெல்லியது. காலடியில் துண்டு துண்டாகக் கிடக்கும்போது கை துறுதுறுக்கும். பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே போடுங்கள். "பழைய நாணயம்" விற்கும் பையன்களிடம் வாங்காதீர்கள். போலி என்றால் பணம் நஷ்டம், அசல் என்றால் சட்டத்துக்கே விரோதம். பாட்டிலில் வண்ண மணலால் ஒட்டகம் வரைந்து தருகிறவர்களிடம் வாங்கலாம், கண்ணெதிரே செய்து காட்டுவார்கள்.

எதை முதலில் பார்ப்பது?

அம்மானில் இறங்கினால் பெட்ரா மூன்று மணி நேரம். நேரே அங்கே போய், அடிவாரத்து ஊரான வாடி மூசாவில் இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் வாடி ரம். ஆயிரக்கணக்கில் படியேறி இறங்கிய காலுக்குப் பிக்கப் பெஞ்சில் உட்கார்ந்து போவது சொர்க்கம். மாற்றிப் போனால் மணலில் ஆடிவிட்டு வந்து படியேற வேண்டியிருக்கும். வாடி ரம்மிலிருந்து செங்கடல் துறைமுக நகரமான அகபா ஒரு மணி நேரத் தூரம்தான். திரும்பும் விமானத்தை அகபாவிலிருந்து போட முடிந்தால் மறுபடி அம்மானுக்கு நாலு மணி நேரம் சாலையில் உட்கார வேண்டாம்.